ஆறாம் கட்டையில் உடைந்த குரலும் அப்பாவின் காதும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசம் ஆகிவிட்டது. செமஸ்டர் மேல் பழி போடலாம், ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் மூன்று வாரம் நான் பேசவே இல்லை. பேசாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச முடியாதவன் எழுதியாவது இருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது எழுத மனசு வரவில்லை. இப்போது வருகிறது.

போன முறை தெர்மோடைனமிக்ஸ் பற்றி எழுதி வகுப்பில் பாதிப் பேரைத் தூங்க வைத்தேன். இந்த முறை சங்கீதம். பயப்பட வேண்டாம், ராக ஆலாபனை எல்லாம் இல்லை :-)

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரியில் ஒரு நாலு குரல் பாடகர் குழு இருப்பது வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். சொப்ரானோ, ஆல்ட்டோ என்று பெண்களுக்கு ரெண்டு வரிசை, டெனர், பேஸ் என்று ஆண்களுக்கு ரெண்டு. நான் டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல். ஆண்டு விழாவுக்கு எடுத்த பாட்டின் கடைசி அடியில் டெனர்கள் மட்டும் ஏறி ஒரு ஸ்வரத்தைத் தொட்டு நாலு தாளம் நிற்க வேண்டும். ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டை. விஞ்ஞானக் கணக்கில் 440 ஹெர்ட்ஸ். முதல் ஒத்திகையில் அங்கே போனதும் என் குரல் ரெண்டாக உடைந்தது. கீழ்ப் பாதி ஆண்பிள்ளைக் குரல், மேல் பாதி கீச்சுக் குரல், நடுவில் ஒரு 'டொக்'. ஆல்ட்டோ வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யார் யார் சிரித்தீர்கள் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம்தான் கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பா ஒரகடம் பக்கம் ஒரு பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். பேரு வேண்டாம். கார் கம்பெனிகளுக்குத் தகட்டை அழுத்தி, வெட்டி, வளைத்துக் கொடுக்கிற பல கம்பெனிகளில் ஒன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கத்து ஏரிப் பாசன நிலமெல்லாம் ஒவ்வொன்றாக ஷெட்டாக மாறியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது, பிறகு வண்டலூர் வாலாஜாபாத் சாலையே அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. அப்பா 2003-இல் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அவர் தெருக்கூத்து ஆடினார்.

வாலாஜாபாத்தை அடுத்த ஒரு கிராமம் எங்களுடையது. பங்குனி, சித்திரை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரைக்கும். அப்பா பதினாலு வயசில் பின்பாட்டுக்குப் போய், இருபது வயசில் கட்டை வேஷம் கட்டியவர். தோளிலும் தலையிலும் மரக்கட்டை அணிகலன்களைக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடி, திரையை விலக்கி ஆடி வர வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கூத்துக்கு மைக் எப்போதும் இருக்காது. இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். முகவீணை என்று ஒரு சின்ன ஊதுகுழல், நாகஸ்வரத்தின் தம்பி மாதிரி, அது காதைக் கிழிக்கிற உயரத்தில் ஒலிக்கும். அதோடு போட்டி போட்டுக்கொண்டு மனுசக் குரலும் மேலே போக வேண்டும். போகும். ஏரிக்கரையில் படுத்திருப்பவனுக்கும் வசனம் கேட்கும்.

இந்தக் கலை செத்துப்போய்விடவில்லை. காஞ்சிபுரத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால் போன்றவர்கள் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமே நடந்தது, பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டப் படித்தார்கள். ஆனால் எங்கள் ஊர் ஜமா கலைந்துவிட்டது. ஆளுக்கொரு ஷிப்ட். ராத்திரி முழுக்கக் கூத்தாடிவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏற முடியுமா?

ஆக, ஆறு கட்டை எனக்குப் பிரச்சினை என்றால் நான் வேறு யாரைக் கேட்பது?

அப்பா சொன்னது ஒரே வரி. "அடி வயித்துலேருந்து கத்துடா."

கத்தினேன். அதுதான் தப்பு. ஆனால் அப்பா சொன்னது தப்பு என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். எனக்கு அவர் சொன்னது புரியவில்லை என்பதுதான் சரி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தொண்டை வீக்கம் தேவைப்பட்டது.

கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் ஆண்களுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். மூச்சுக் காற்று தள்ளும்போது ரெண்டும் விலகி மோதும். ஆறு கட்டையில் பாடுகிறீர்கள் என்றால் வினாடிக்கு 440 முறை மோதுகின்றன. கீழ் ஸ்வரங்களில் குரல்நாண் குட்டையாக, தடிமனாக, முழு ஆழத்துக்கும் அதிரும். இதை நெஞ்சுக் குரல் என்கிறார்கள். மேலே போகப் போக வேறொரு தசை நாணை முன்பின்னாக இழுத்து நீட்டுகிறது. நாண் மெலிந்து ஓரம் மட்டும் அதிர்கிறது. இது தலைக் குரல். அதையும் தாண்டி நாணின் ஓரங்கள் சரியாக மூடாமல் காற்றோட்டமாக ஒலித்தால் அதை நம்ம ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் 'கள்ளத்தொண்டை' என்பார்கள். பேரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது பாருங்கள்!

டெனர்களுக்கு இந்த மாற்றம் நடக்கிற இடம் சுமாராக ரெண்டு கட்டைக்கும் அஞ்சு கட்டைக்கும் நடுவில், நடு 'சி'க்கு மேலே. இத்தாலிக்காரர்கள் இதைப் பாஸாஜியோ என்கிறார்கள், கடக்கிற வழி என்று அர்த்தம். எனக்கு இதைப் புரிய வைத்தது புல்லட்தான். ஒரகடத்தில் புல்லட் செய்கிறார்கள், ஓட்டுகிறவர்களும் நிறைய. முதல் கியரிலேயே வண்டியை முறுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இன்ஜின் அலறும், வேகம் வராது. கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றினால்? 'டொக்'. என் ஆறாம் கட்டையில் கேட்ட அதே 'டொக்'. நான் நெஞ்சுக் குரல் என்கிற முதல் கியரை ஆறு கட்டை வரை இழுத்துக்கொண்டு போனேன். அது தாங்காமல் தானே கழன்று மேல் கியரில் விழுந்தது.

நமது பழைய தமிழிசையில் மூன்று ஸ்தாயிகளுக்கும் அழகான பேர்கள் இருக்கின்றன. கீழே மெலிவு, நடுவில் சமன், மேலே வலிவு. மேல் ஸ்தாயிக்கு 'வலிவு' என்றே பேர் வைத்தவர்களின் காதில் அப்போது என்ன மாதிரிக் குரல்கள் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் விஷயத்தில் மேலே போனால்தான் மெலிவு :-(

இந்த அவஸ்தை எனக்கு மட்டும் இல்லை. 1830-கள் வரை ஐரோப்பாவின் பெரிய டெனர்கள் உச்ச ஸ்வரங்களை மெல்லிய தலைக் குரலில்தான் தொட்டார்கள். 1837-இல் பாரிஸில் ழில்பெர் துய்ப்ரே என்பவர் ரோசினியின் 'வில்லியம் டெல்' ஆபராவில் மேல் 'சி'யை நெஞ்சுக் குரலின் கனத்தோடு பாடினார். நம் கணக்கில் மேல் ஸ்தாயி ஒரு கட்டை. ஜனங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ரோசினிக்கோ, கழுத்தறுபடும் சேவல் கத்துவது போல இருந்தது என்று ஒரு கதை உண்டு. அந்த வேஷத்தை 1829-இல் முதன்முதலில் பாடியவர் அடால்ஃப் நூரி. புதிய பாணி தனக்கும் வர வேண்டும் என்று இத்தாலிக்குப் போய்க் குரலையே மாற்ற முயன்றார். பழைய நயமும் போயிற்று, உடம்பும் மனசும் கெட்டது. 1839-இல் நேப்பிள்ஸில் உயிரை மாய்த்துக்கொண்டார். துய்ப்ரேயின் குரலும் ரொம்ப வருஷம் தாங்கவில்லை.

நம் பக்கத்தில் செங்கோட்டை கிட்டப்பா. 1906-இல் பிறந்து 1933-இல் இருபத்தேழு வயசில் போய்ச் சேர்ந்துவிட்டார். பெண்கள் பாடுகிற சுருதிக்கு நிகராகப் பாடினார் என்று சொல்லாதவர்கள் இல்லை. அடுத்து எம்.கே. தியாகராஜ பாகவதர். அன்றைய நாடக மேடைக்கு ஏன் அந்த உயரம் வேண்டியிருந்தது? கொட்டகையில் மைக் இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். மைக் வந்த பிறகு ஆண் பாடகர்களின் சுருதி மெல்ல இறங்கி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று உட்கார்ந்துவிட்டது. கூத்து மட்டும் இறங்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அப்பா சொன்னபடி கத்திப் பழக எனக்கு இடம் வேண்டும். வீட்டில் கத்தினால் மாடி வீட்டுக்காரர் வருவார். கல்லூரியில் கத்தினால் நீங்கள் வருவீர்கள். எனவே பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பாடினேன். ஹெல்மெட்டுக்குள் குரல் கணீரென்று கேட்கும், கிட்டப்பாவே வந்தது போல இருக்கும். வெளியே கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், டிரெய்லர் மேல் புதுக் கார்கள். அந்த இரைச்சலில் நான் எவ்வளவு கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு லொம்பார்டு விளைவு என்று பேர். எத்தியென் லொம்பார்டு என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-இல் விவரித்தது. சுற்றி இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான், இரைச்சல் நின்றால் தானே இறங்குகிறான். பன்னிரண்டு நாள் இப்படிப் பாடினேன். பதின்மூன்றாம் நாள் காலையில் "அம்மா, காபி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். என் குரல்நாண்களை நானே முதல் தடவையாகப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியவை சிவந்து ஊதியிருந்தன. (தன் குரல்நாணைத் தானே பார்த்துப் புகழ் பெற்றவர் ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவேல் கார்சியா, 1854-இல், பல் டாக்டரின் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு.) "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா காய்ப்புக் காய்ச்சிடும், உள்ளங்கையில மம்பட்டி பிடிச்சா காய்க்குமே, அது மாதிரி" என்றார் டாக்டர். மூன்று வாரம் மௌனம். குசுகுசுவென்று பேசுவதும் கூடாது, அதுவும் சிரமம்தானாம்.

அந்த மூன்று வாரத்தில் ஒன்று கவனித்தேன். நான் சைகையில் பேசினால் அப்பா உடனே புரிந்துகொண்டார். அம்மாவைவிட வேகமாக. முகத்தைப் பார்த்தே, வாயசைவைப் பார்த்தே. அப்போது அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மௌனம் முடிந்ததும் குழுவை நடத்தும் மாஸ்டர் என்னை உட்காரவைத்தார். "தம்பி, மேல ஏர்றத மறந்துடு. மேலேர்ந்து கீழ எறங்கு" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் உதட்டைத் தளர்த்தி 'புர்ர்ர்' என்று ஊதிக்கொண்டே கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் வழுக்குவது. குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடுமே, அதேதான். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, குமிழி விட்டுக்கொண்டே ஸ்வரத்தை முனகுவது. பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே வருஷக்கணக்காக ஆராய்ந்து பரிந்துரைத்தது இந்த ஸ்ட்ராப் பயிற்சி. வாயை ஒடுக்கினால் உள்ளே காற்றழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்களுக்கு மெத்தை போல நிற்கிறது, மோதல் குறைகிறது.

மூன்றாவது, 'ங்' என்ற மூக்கொலியில் மேல் ஸ்தாயியில் மெல்லத் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்குவது. இதுதான் கிளட்ச். தலைக் குரலை அஞ்சு கட்டை, மூணு கட்டை, ரெண்டு கட்டை வரை கீழே அழைத்து வர வேண்டும். அங்கே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக் கனத்தைச் சேர்க்க வேண்டும். கனத்தை மேலே தூக்கிப் போகக் கூடாது, மெல்லியதைக் கீழே கொண்டு வந்து கனமாக்க வேண்டும். முதல் பத்து நாள் என் குரல் பொம்மைக் கடை மாதிரி இருந்தது. நெஞ்சும் தலையும் கலக்கிற அந்த இடம் வரவே இல்லை. பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நாலு கட்டையில் எங்கே மாறியது என்றே தெரியாமல் மாறியது. அன்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது இதற்காகத்தான்.

நான்காவது, உயிரெழுத்து. உச்சத்தில் 'ஆ'வை அகலமாகத் திறந்து கத்தினால் உடையும். 'ஆ'வை லேசாக 'ஓ' பக்கம் குவித்தால் வழி கிடைக்கும். கேட்பவருக்கு 'ஆ' என்றே கேட்கும். கடைசியாக, சத்தத்தைத் தேடாமல் கணீர்த்தன்மையைத் தேடுவது. ஜோஹான் சுந்த்பெரி என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1970-களில் இதை விளக்கினார். ஒரு பெரிய வாத்தியக் குழுவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சமாக இருக்கும், மேலே போகப் போகக் குறையும். தேர்ந்த ஆபரா ஆண் பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி மேடு எழுகிறது. வாத்தியங்கள் அங்கே பலவீனம். நம் காதோ அந்தப் பகுதியில்தான் கூர்மை. அதனால்தான் மைக் இல்லாமலே ஒரு மனிதன் எண்பது வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறான். இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. ஏரிக்கரைக்குக் கேட்ட திரை விருத்தத்திலும் இப்படி ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்? 'அடி வயித்துலேருந்து' என்று அவர் சொன்னது மூச்சை. 'கத்து' என்றது இதை. கத்துவது என்றால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

மொபைலில் ஒலியைப் படமாகக் காட்டும் ஒரு செயலியை இறக்கி என் ஆறாம் கட்டையைப் பதிந்து பார்த்தேன். 3000-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு! எவரெஸ்ட் இல்லை, வல்லக்கோட்டை போகிற வழியில் வருகிற வேகத்தடை அளவுக்குத்தான். ஆனாலும் மேடு மேடுதானே. மாஸ்டர் தலையாட்டினார். ஆல்ட்டோக்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பா முன்னால் நின்று பாடினேன்.

அப்பா முகம் மாறவில்லை. "இன்னாடா, முன்ன கத்துனது நல்லா இருந்துச்சே. இப்ப மந்தமா கேக்குது" என்றார்.

"இல்லப்பா, இப்பதான் கணீர்னு இருக்காம், எல்லாரும் சொல்றாங்க."

"எனக்கு அப்டி கேக்கலியே தம்பி."

கோபம் வந்தது. கூத்துக்காரருக்கு வெள்ளைக்காரப் பாட்டு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. டி.வி. சத்தம் ஹாலில் காதைப் பிளந்தது. அம்மா "கொறைங்களேன்" என்றார். அப்பா "ஆங்?" என்றார். இதே 'ஆங்'கை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? மிக்ஸி ஓடினால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். குக்கர் விசில் எத்தனை என்று அம்மாதான் எண்ணுவார். நான் மௌனமாக இருந்தபோது அவருக்கு ஏன் அவ்வளவு சுலபமாக என் வாயசைவு புரிந்தது?

எழுந்து உட்கார்ந்து தேடிப் படித்தேன். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போவதில்லை. முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியைத் தின்கிறது. 4000-இல் பள்ளம் விழும். உள்காதில் அந்தப் பகுதியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காது. 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் பேச்சு கேட்கும், வார்த்தை பிரியாது.

நான் ரெண்டு மாசம் பாடுபட்டு 3000-இல் ஒரு மேட்டை எழுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குப் பள்ளம் தொடங்குவதும் அங்கேதான். என் பழைய கத்தலில் கீழ்ச் சத்தம் அதிகம், அது அவருக்குக் கேட்டது. புதுக் குரலில் நல்லதாக இருந்த பாகம் மட்டும் அவரை எட்டவில்லை.

மறுநாள் விடுப்பு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதிக்கிற அக்கா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அப்பா நல்ல மாணவன் மாதிரி விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல் ரொம்ப நேரம் அசையவே இல்லை. காகிதத்தில் கோடு 1000 வரை நேராக வந்து, 3000-இல் சரிந்து, 4000-இல் கிணற்றுக்குள் விழுந்தது. ரெண்டு காதும்.

கம்பெனியில் காதடைப்பான் தராமல் இல்லை. கேட்டேன். "குடுக்குறாங்க. போட்டா டை சத்தம் தெரியாது தம்பி. தகடு சரியா உக்காரலன்னா மொதல்ல சத்தந்தான் மாறும். அது தெரியலன்னா அம்பது பீஸ் வீணாப் போயிடும், ரிஜெக்ஷன் என் தலையில" என்றார். ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரிந்த கூத்துக்காரக் காது. அதை வைத்துத்தான் அவர் நல்ல ஆபரேட்டர் என்று பேர் வாங்கினார். அந்தப் பேரே அந்தக் காதைத் தின்றுவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வகுப்பு நண்பர்களுக்கு ஒரு விஷயம். அடுத்த மாசம் நாம் எல்லோரும் இன்பிளான்ட் டிரெயினிங் போகிறோம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கிறது. நம் தொழிற்சாலை விதிகளில் ரொம்ப காலமாக 90 என்று கணக்கு இருந்தது. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே இரைச்சல் எல்லையைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதடைப்பானைத் திருகி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே முழுசாகப் போடுங்கள். சும்மா வாசலில் செருகினால் பிரயோஜனம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது 'ஆங்?' என்றால் கேலி செய்யாமல் ஒரு தடவை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இரைச்சலால் வரும் காது இழப்பு இ.எஸ்.ஐ.யின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் அந்த மனுவோடுதான் அலைந்துகொண்டிருக்கிறோம். முடிவு வந்தால் எழுதுகிறேன்.

ஆண்டு விழா போன வெள்ளிக்கிழமை நடந்தது. அப்பா பகல் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடே வந்து முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். கடைசி அடி வந்தது. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று ஏறி ஆறு கட்டையில் நின்றோம். நாலு தாளம். உடையவில்லை. கலந்தது. நான் பாடியதிலேயே நல்லது அதுதான், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே பாடினேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கேட்டேன். "எப்டிப்பா இருந்துச்சு?"

அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல போனது சரியா கேக்கல" என்றார். பிறகு தன் கழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆனா இங்க நரம்பு பொடைக்கல. பாத்துக்கினே இருந்தேன். தொண்டையில ஏறலடா, மூச்சுலதான் நின்ன. எங்க வாத்தியாரு அதத்தான் பாப்பாரு."

கம்பெனி பஸ் ஒன்று பெரிய ஹாரனோடு போனது. அது அவருக்கு நன்றாகவே கேட்டது. திங்கட்கிழமையிலிருந்து அப்பா காதடைப்பான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். டை சத்தம் தெரியாததால் ஒவ்வொரு பத்துப் பீஸுக்கும் நிறுத்தி விரலால் தடவிப் பார்க்கிறாராம். கொஞ்சம் தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் முணுமுணுத்திருக்கிறார். அது அப்பாவுக்குக் கேட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை :-)

அடுத்த முறை வேறு விஷயத்தோடு வருகிறேன். தெர்மோடைனமிக்ஸ் இல்லை, சத்தியம்.